ஆற்று மீனும் கடல் மீனும் என் தொண்டையும்

டான்சில் ஆபரேஷன் என்பது பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்குச் செய்வது என்றுதான் நானும் நினைத்திருந்தேன். நாற்பதை நெருங்கும் வயதில், தலையில் பச்சைத் தொப்பியோடு நான் படுத்திருந்தபோது, பக்கத்துக் கட்டிலில் ஒரு சின்னப் பெண் அதே ஆபரேஷனுக்காகக் காத்திருந்தாள். என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "உங்களுக்கும் ஐஸ்கிரீம் குடுப்பாங்களா?" என்று வங்காளத்தில் கேட்டாள். கொடுப்பார்கள் என்றேன். அவள் முகத்தில் ஒரு சின்ன வருத்தம் தெரிந்தது. தன் பங்கு குறைந்துவிடும் என்று பயந்தாளோ என்னவோ.

கொல்கத்தாவின் மழைக்காலமும் ஆபீஸ் ஏ.சி.யும் சேர்ந்து வருஷத்துக்கு நாலைந்து தடவை என் தொண்டையைப் பிடித்துவிடும். காய்ச்சல், மாத்திரை, லீவு என்று அது ஒரு சுற்று. என் பிழைப்போ பேச்சு. இன்ஷூரன்ஸ் கம்பெனி ஒன்றில் புதிதாகச் சேருகிறவர்களுக்குப் பயிற்சி கொடுக்கிறேன். காலையிலிருந்து மாலை வரை நின்றுகொண்டே பேச வேண்டும். கடைசியில் டாக்டர், எடுத்துவிடுவதுதான் வழி என்று சொல்லிவிட்டார். குழந்தைகள் நாலு நாளில் ஓடியாடத் தொடங்கிவிடுவார்கள், பெரியவர்களுக்கு வலியும் அதிகம், ஆறுவதற்கும் நாளாகும் என்று எச்சரித்தார். துர்கா பூஜைக்குள் உடம்பு தேறிவிட வேண்டும் என்று கணக்குப் போட்டு, மழைக்காலத்தின் நடுவிலேயே ஆபரேஷனுக்குச் சம்மதித்தேன்.

வீட்டில் நானும் என் கணவரும்தான். அவருக்கு ஹவுராப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் வேலை. காலையில் கிளம்பினால் விளக்கு வைத்த பிறகுதான் திரும்புவார். பகலில் என்னைப் பார்த்துக்கொள்ளத் தூத்துக்குடியிலிருந்து அம்மா ரயிலேறி வந்தாள்.

எங்கள் வீடு லேக் மார்க்கெட்டுக்குப் பின்னால் ஒரு சந்தில், பழைய கட்டடம் ஒன்றின் மாடியில் இருக்கிறது. கீழ்வீட்டில் டெலிபோன் இலாகாவில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒரு வங்காள அம்மாள் தனியாக இருக்கிறார். நான் அவரை மாசிமா என்று கூப்பிடுவேன். பெரியம்மா, சித்தி என்கிற மாதிரி ஒரு சொல் அது. வயதில் மூத்த பக்கத்து வீட்டுக்காரரை இங்கே அப்படித்தான் கூப்பிடுகிறார்கள்.

அம்மா இதற்கு முன்னாலும் இரண்டு தடவை வந்திருக்கிறாள். அப்போதெல்லாம் அவளுக்கும் மாசிமாவுக்கும் நடுவில் நான் உட்கார்ந்துகொண்டு, இவள் தமிழை வங்காளத்திலும் அவர் வங்காளத்தைத் தமிழிலும் சொல்வேன். அம்மாவின் பேச்சில் எப்போதும் மிளகாய் கொஞ்சம் தூக்கலாக இருக்கும். அதையெல்லாம் அப்படியே சொல்ல முடியுமா? ஒரு தடவை மாசிமா கொண்டுவந்த ரோகு மீன் குழம்பை ருசி பார்த்துவிட்டு அம்மா, "ஆத்து மீனுன்னா மண்ணு வாடை அடிக்கும்னு சொல்லுவாக. சரியாத்தான் சொல்லியிருக்காக" என்றாள். "ரொம்ப நன்றாக இருக்கிறதாம், மாசிமா" என்றேன். மாசிமா சொல்வதையும் அதே மாதிரி தட்டிக்கொட்டி மழுப்பித்தான் அம்மாவிடம் சேர்ப்பேன். அதனால் இரண்டு பேருமே மற்றவரை மரியாதையான, கொஞ்சம் சப்பென்ற மனுஷி என்று நினைத்துக்கொண்டிருந்தார்கள். "நல்ல பொம்பளைதான், ஆனா பேச்சில உப்பு உறைப்பு இல்ல" என்று அம்மா ஊருக்குத் திரும்பும்போது சொன்னது நினைவிருக்கிறது.

இந்தத் தடவை மொழிபெயர்க்க ஆள் இல்லை.

ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்த முதல் நாள் மயக்க மருந்தின் தயவில் ஓடிவிட்டது. மறுநாள்தான் தொண்டை தன் வேலையைக் காட்டியது. எச்சில் விழுங்குவது என்ற ஒன்றை வாழ்நாளில் நான் கவனித்ததே இல்லை. இப்போது ஒவ்வொரு விழுங்கலுக்கும் முன்னால் தோளைக் குறுக்கி, கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு, கண்ணை இறுக்கி மூடித் தயாராக வேண்டியிருந்தது. வெட்டியது தொண்டையில், வலித்தது காதில். கண்ணாடியில் வாயைத் திறந்து பார்த்தேன். இரண்டு பக்கமும் வெள்ளையாகப் படர்ந்திருந்தது. அப்படித்தான் இருக்கும், அதுதான் ஆறுகிற அறிகுறி என்று டாக்டர் சொல்லியிருந்ததால் பயப்படாமல் வாயை மூடிக்கொண்டேன்.

பேசலாம் என்றுதான் டாக்டர் சொல்லியிருந்தார். பேசினால் வலிக்குமே! ஒரு 'ம்' போடுவதற்குக்கூட இரண்டு தடவை யோசித்தேன். போனில் தட்டிக் காட்டிப் பார்த்தேன். அம்மா போனைக் கைநீளத்துக்குத் தள்ளிப் பிடித்து, "பூச்சி பூச்சியா இருக்கு. கண்ணாடிய எங்கட்டி வச்சேன்?" என்று தேடிப் போவாள். கண்ணாடி கிடைப்பதற்குள் எனக்கு வேண்டியது மறந்துபோகும், அல்லது வேண்டாமல் போகும்.

சூடாக எதுவும் கூடாது, புளிப்பு கூடாது, காரம் கூடாது, மொறுமொறுப்பாக எதுவும் கூடவே கூடாது என்று டாக்டர் சொன்னதையெல்லாம் என் கணவர் அம்மாவுக்குத் தமிழில் சொல்லிக்கொடுத்திருந்தார். அதோடு இன்னொன்றும் சொன்னார். "அத்தை, சிவப்பா எதுவும் குடுத்துராதீங்க. ரத்தம் வந்தா கலர்ல தெரியாமப் போயிரும்." அம்மா அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். எனக்காக உரித்து வைத்திருந்த மாதுளம்பழத்தைத் தானே உட்கார்ந்து தின்றுவிட்டாள்.

மாசிமா என்னைப் பார்க்க வந்தது அந்த நேரத்தில்தான். கையில் ஒரு மண்சட்டி. மேலே காகிதம் மூடி நூல் கட்டியிருந்தது. மெதுவாகப் படியேறி வந்தவர் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார். பிறகு சட்டியை அம்மாவிடம் நீட்டி, "லால் தோய்" என்றார்.

வங்காளிகள் பாலைச் சர்க்கரையோடு சுண்டக் காய்ச்சி உறை ஊற்றுகிற தயிர் அது. தொண்டைப் புண்ணுக்கு அதைவிட இதமான ஒன்று இந்த ஊரில் கிடையாது. ஆனால் அம்மாவுக்கு இங்கே தெரிந்த நாலைந்து சொற்களில் 'லால்' ஒன்று. போன தடவை வந்தபோது தள்ளுவண்டியில் சிவப்புக் கீரை வாங்கி வாங்கிக் கற்றுக்கொண்டது.

"லாலா?" என்று அம்மா சட்டியைத் தள்ளினாள். "நோ, நோ. லால் கூடாது. டாக்டர் நோ!"

மாசிமாவின் முகம் மாறிவிட்டது. தன் கையிலிருந்து ஒன்றை வாங்க மறுக்கிறாள் என்று மட்டும்தான் அவருக்குப் புரிந்தது. "தோய், திதி! தோய்!" என்று அவரும் சட்டியை மறுபடி நீட்டினார். திதி என்றால் அக்கா. அக்கா மறுபடியும் தள்ளினாள். சட்டி இப்படியும் அப்படியும் போய்வந்தது. நான் எழுந்து உட்கார்ந்து கையை ஆட்டினேன், வாயைத் திறந்தேன், காற்றுதான் வந்தது.

"நீ பேசாதட்டி" என்றாள் அம்மா. "கொதா போலோ நா" என்றார் மாசிமா. அவரும் என்னைப் பேசாதே என்றுதான் சொன்னார்.

கடைசியில் மாசிமாவே வழி கண்டுபிடித்தார். அடுக்களைக்குப் போய் ஒரு வெள்ளைத் தட்டையும் கரண்டியையும் எடுத்துவந்து, தட்டில் கொஞ்சம் தயிரை வைத்து அம்மாவின் மூக்குக்கு நேரே பிடித்தார். சிவப்பு இல்லை, காபியில் பாலை அள்ளி ஊற்றினால் வருமே, அந்த நிறம். அம்மா உற்றுப் பார்த்தாள், முகர்ந்தாள், விரலால் தொட்டு நாக்கில் வைத்தாள்.

"அடியாத்தி! பாலை எம்புட்டு நேரம் காய்ச்சியிருக்காக!"

அடுத்த கரண்டி என் வாய்க்கு வரவில்லை. அம்மா அதையும் தானே ருசி பார்த்தாள். மாசிமா சிரித்த சிரிப்பு மாடிப்படி வரை கேட்டிருக்கும்.

அதற்குப் பிறகு மாசிமா தினமும் வந்தார். முதலில் என்னைப் பார்க்க வந்தவர், போகப் போக என்னைத் தாண்டி அடுக்களைக்குப் போனார். ஒருநாள் என் கட்டிலருகே நின்று, நோயாளிக்கு மீன் ரசம் கொடுக்கலாம் என்று அம்மாவுக்குப் புரியவைக்க முயன்றார். உள்ளங்கையை நெளித்து நெளித்து நீந்திக் காட்டி, "மாச், மாச்" என்றார்.

அம்மாவின் கண் விரிந்தது. "மாச்சா? மச்சமா?" என்று என் பக்கம் திரும்பினாள். "ஏட்டி, நாம மச்சம்னு சொல்லுததத்தான் இவுக மாச்சுங்காக! எனக்கு முன்னாலயே ஏன் சொல்லல நீ?"

சொல்லியிருக்கலாம்தான். எனக்கே அது தோன்றியதில்லை.

மீன் என்று ஆனபிறகு தூத்துக்குடிக்காரியை யார் நிறுத்த முடியும்? சீலா, விளமீன், பாறை என்று பெயர்களை அடுக்கினாள். இரண்டு கையாலும் பெரிய பெரிய அலைகளைக் காட்டி, நெஞ்சில் தட்டிக்கொண்டாள்: கடல் மீனே மீன். மாசிமா ஒரு கையால் அமைதியாக ஓடும் ஆற்றைக் காட்டி, தலையை நிமிர்த்திக்கொண்டார். அம்மா தரையைத் தொட்டுக்காட்டி மூக்கைப் பிடித்தாள். மண்ணு வாடை! இத்தனை வருஷம் நான் மறைத்துவைத்திருந்த விமரிசனம் ஒரு நொடியில் போய்ச்சேர்ந்துவிட்டது. நான் போர்வையை முகம் வரை இழுத்துக்கொண்டேன்.

மாசிமா கோபித்துக்கொள்ளவில்லை. நாக்கை நீட்டி முகத்தைக் கோணிக்கொண்டு, "நோனா! நோனா!" என்றார். கடல் மீன் ஒரே உப்பாம். அம்மாவுக்கு அது அகராதி இல்லாமலே புரிந்தது. "அடேயப்பா, இவுகளுக்கு வாயப் பாரேன்" என்று இடுப்பில் கை வைத்துக்கொண்டாள். அவள் குரலில் இருந்தது கோபமில்லை. சரியான ஆளைக் கண்டுகொண்ட சந்தோஷம். எனக்குச் சிரிப்புப் பொங்கியது. சிரிக்கத் தொண்டை இடம் கொடுக்காததால் கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது. வலியில் அழுகிறேன் என்று நினைத்து இருவரும் ஓடிவந்து ஆளுக்கொரு கையைப் பிடித்துக்கொண்டார்கள்.

மறுநாள் காலையில் ஒரே குடையில் இருவரும் மீன் வாங்கப் போனார்கள். திரும்பி வந்ததும் அம்மா புடவை நுனியைக்கூடப் பிழியாமல் என்னிடம் வந்தாள்.

"உசுரோட கெடக்குட்டி, தண்ணித் தொட்டியில! மீசை வச்சுக்கிட்டு முழிச்சு முழிச்சுப் பாக்கு. நம்மூர்லகூட கரைக்கு வந்ததும் செத்துத்தானே போவும்? இங்க உசுரோட தூக்கித் தாறான்." பிறகு குரலைத் தாழ்த்தி, பெரிய ரகசியம் போலச் சொன்னாள்: "இன்னொரு கடையில செவுளத் தூக்கிப் பாத்தேன். அவுகளும் அதே மாதிரிதான் தூக்கிப் பாக்காக. கட்டைவிரல வச்சு, இப்படி. கடைக்காரன் அரண்டுட்டான்."

அந்த மீசைக்கார மீனின் பெயர் மாகுர். உடம்பு தேறுகிறவர்களுக்கு வங்காளிகள் வீட்டில் அதைத்தான் கொடுப்பார்கள். மஞ்சளும் கொஞ்சம் இஞ்சியும் தவிர வேறெதுவும் போடாமல், பப்பாளிக்காயோடு நீர்க்க வேகவைத்து, அம்மா அதைத் துணியில் வடிகட்டி ஆறவைத்தாள். ஒரு வாரமாகத் தயிரும் கூழும் ஐஸ்கிரீமும் மட்டும் கண்டிருந்த நாக்கில் அந்த ரசம் இறங்கியபோது, உடம்பு முழுவதும் ஒரு சூடு பரவியதுபோல் இருந்தது. அது ஆறிப்போன ரசம்தான். அம்மா நான் குடிப்பதைப் பார்த்துவிட்டு, மிச்சத்தில் ஒரு வாய் குடித்தாள். மாசிமா அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ம்... நோயாளிக்குச் சரிதான்" என்றாள் அம்மா, விட்டுக்கொடுக்காமல்.

நடுவில் ஒருநாள் மட்டும் பயந்துவிட்டோம். தொண்டையில் படிந்திருந்த வெள்ளை உதிரத் தொடங்கும் நேரம் அது. சாப்பிட்டுவிட்டுப் படுத்திருந்த மதியத்தில் வாயில் இரும்புச் சுவை தட்டியது. துப்பினேன். எச்சிலில் சிவப்புக் கோடு. மறுபடி துப்பினேன், அப்போதும் சிவப்பு. வெளியே மழை கொட்டிக்கொண்டிருந்தது, சந்தில் முட்டிக்கால் அளவு தண்ணீர் நின்றது. என் கணவரின் போன் அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை. எந்திரச் சத்தத்தில் அவருக்குக் கேட்டிருக்காது.

அம்மா அலறவில்லை. மாடிப்படி வரை போய், "மாசிமா!" என்று ஒரே குரல் கொடுத்தாள். முட்டிவலிக்காரரான மாசிமா அன்று படியேறிய வேகத்தை நான் அதற்கு முன்னும் பின்னும் பார்த்ததில்லை. வந்தவுடன் டாக்டரைப் போனில் கூப்பிட்டார். டாக்டர் கேட்பதை அவர் அம்மாவிடம் கையால் கேட்டார், அம்மா கையால் சொன்னாள். எவ்வளவு ரத்தம்? அம்மா சுண்டுவிரல் நகத்தைக் காட்டினாள். கட்டியாகவா, தண்ணீராகவா? அம்மா கிண்ணத்தையே மாசிமாவின் கண் முன்னால் நீட்டினாள். மாசிமா அதைப் பார்த்து வங்காளத்தில் விவரமாகச் சொன்னார். நேராக நிமிர்ந்து உட்காரவையுங்கள், ஐஸ் தண்ணீரை மெல்ல மெல்லக் குடிக்கக் கொடுங்கள், நிற்காவிட்டால் உடனே கிளம்பி வாருங்கள் என்றார் டாக்டர்.

இருவரும் என் இரண்டு பக்கமும் உட்கார்ந்தார்கள். அம்மா கிண்ணத்தைப் பிடித்துக்கொண்டாள். மாசிமா டம்ளரைப் பிடித்துக்கொண்டு, "ஆஸ்தே, ஆஸ்தே" என்றார். "பைய, பைய" என்றாள் அம்மா. மெதுவாக, மெதுவாக என்று இரண்டு மொழியில் இரண்டு காதிலும் கேட்டது. துப்பத் துப்பச் சிவப்பு வெளுத்து, கடைசியில் வெறும் தண்ணீராக வந்தது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக அம்மா கட்டி வைத்திருந்த பை கதவோரம் கிடந்தது. மாசிமா வெளியே போகும் செருப்பைப் போட்டபடியே மேலே வந்திருந்தார். அம்மா அப்போதுதான் கொஞ்சம் அழுதாள். மாசிமா எழுந்து எங்கள் அடுக்களையில் டீ போட்டு வந்தார். தான் புழங்குகிற அடுப்பில் இன்னொருவர் கை வைப்பதை அம்மா பொறுக்கவேமாட்டாள். அன்று இருந்த இடத்திலிருந்தே கை நீட்டி வாங்கிக் குடித்தாள்.

அந்தக் கண்டத்தைத் தாண்டியபிறகு தொண்டை வேகமாக ஆறத் தொடங்கியது. காதுவலி விட்டது. ஒருநாள் காலையில் யோசிக்காமலே எச்சில் விழுங்கினேன். விழுங்கிய பிறகுதான் அது உறைத்தது. சந்தோஷத்தில் இன்னொரு தடவை விழுங்கிப் பார்த்தேன்.

அடுத்து வந்த ஞாயிற்றுக்கிழமை என் கணவர் வீட்டில் இருந்ததால், அம்மாவும் மாசிமாவும் காலையிலேயே ஹவுரா மீன் சந்தைக்குக் கிளம்பினார்கள். எப்படிப் போவது என்பதில் ஒரு சண்டை. ஆற்றுக்கு அடியில் ஓடும் மெட்ரோவை அம்மாவுக்குக் காட்ட வேண்டும் என்பது மாசிமாவின் ஆசை. "தண்ணிக்கு அடியில எதுக்குட்டி போவணும்? மேல போற படகு என்ன குத்தம் பண்ணிச்சு?" என்பது அம்மாவின் கட்சி. போகும்போது அடியில், வரும்போது மேலே என்று முடிவானது. இதையெல்லாம் யாரும் என்னிடம் கேட்கவில்லை. என் கணவரிடமும் கேட்கவில்லை. நானாவது நோயாளி.

மத்தியானத்துக்கு முன்னால் திரும்பி வந்தார்கள். இரண்டு பேரின் புடவையும் பாதி நனைந்திருந்தது. அம்மா கையில் கனமான பை. வாசலிலேயே இருவரும் ஒரே நேரத்தில் பேசத் தொடங்கிவிட்டார்கள், ஒருவர் தமிழில், ஒருவர் வங்காளத்தில்.

"எங்கெல்லாம் போனீங்க? ஏன் இப்படி நனைஞ்சிருக்கீங்க?" என்று கேட்டேன்.

முழுதாக இரண்டு வாக்கியம். குரல் கொஞ்சம் மெலிந்து, யாரோ மூக்கைப் பிடித்துக்கொண்டு பேசுவதுபோல இருந்தது. ஆனாலும் என் குரல்தான். என் கணவர் பேப்பரைக் கீழே போட்டார். "அத்தை, இவ பேசிட்டா!"

"இருங்க மாப்ள, இவுக சொல்லி முடிக்கட்டும்" என்றாள் அம்மா.

மாசிமா சொல்லிக்கொண்டிருந்தது இலிஷ் மீனைப் பற்றி. பையிலிருந்து அதை வெளியே எடுத்துக் காட்டினார், வெள்ளிபோல மின்னியது. கையால் பெரிய அலைகளைக் காட்டினார். பிறகு அந்தக் கை மெல்ல மெல்ல நெளிந்து, அமைதியான ஆற்றில் ஏறி வந்தது. அம்மா மூச்சுவிடாமல் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கடல்ல கெடந்துட்டு, மழைக்காலத்துல ஆத்துக்கு ஏறி வருதாம்ட்டி!" என்று கடைசியில் என்னிடம் திரும்பினாள். "அப்ப இது கடல் மீனுதான். நான் சொன்னேன்ல?"

"நோதீர் மாச்!" என்றார் மாசிமா. அவரைப் பொறுத்தவரை அது ஆற்று மீன். ஆற்றுக்கு வந்த பிறகுதான் அதற்கு ருசியே.

கடுகு அரைத்து வைத்த குழம்பு எனக்குக் கிடையாது. உப்பும் மஞ்சளும் மட்டும் தடவி ஒரு துண்டை ஆவியில் வேகவைத்தார்கள். இலிஷ் மீனுக்கு மயிரிழைபோல நூறு முள். ஆறியும் ஆறாத தொண்டைக்கு அதை எப்படிக் கொடுப்பது? இருவரும் தரையில் உட்கார்ந்து தட்டை நடுவில் வைத்துக்கொண்டார்கள். மாசிமா ஒரு பக்கம் முள்ளெடுப்பார். அம்மா அதே துண்டை வாங்கி விரலால் அழுத்தித் தடவி, அவர் விட்டதை எடுப்பாள். மாசிமா மறுபடி வாங்கிப் பார்ப்பார். மீன் கடைசியில் பொடிப்பொடியாகப் போயிருந்தது. அதைக் குழைந்த சோற்றில் பிசைந்து, இளஞ்சூட்டில் ஒரு கவளம் உருட்டி அம்மா என் வாயில் வைத்தாள்.

மென்றேன். வாயெல்லாம் நெய்போல மணத்தது. கண்ணை மூடாமல், தோளைக் குறுக்காமல் விழுங்கினேன். வலிக்கவில்லை.

"சொல்லுட்டி, கடல் மீனா ஆத்து மீனா?" என்றாள் அம்மா. மாசிமாவும் கழுத்தை நீட்டி என் முகத்தையே பார்த்தார். கேள்வி அவருக்கும் புரிந்திருந்தது.

நான் அடுத்த கவளத்துக்கு வாயைத் திறந்தேன்.